கணினி மொழியியல் மாநாட்டுக்குப் பேப்பர் அனுப்பப் போகிறவர்களுக்கு

கணினி மனித மொழியைக் கையாள்வது பற்றிய ஆய்வுதான் கணினி மொழியியல். அந்தத் துறையின் ஏ.சி.எல். (அதை நடத்தும் சங்கத்தின் பெயரும் அதுதான்), இ.எம்.என்.எல்.பி. மாதிரியான மாநாடுகளுக்கு முதன்முறையாகப் பேப்பர் அனுப்பப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ரிசல்ட் எவ்வளவு வந்தா ஏத்துக்குவாங்க?" என்பதுதான். சில வருடங்கள் நானே அனுப்பியும், ரிவ்யூவராக, அதாவது பேப்பரை மதிப்பிடுகிறவராக, இருந்து மற்றவர்கள் பேப்பரைப் படித்தும் பார்த்ததில், முடிவு அந்த எண்ணைப் பொறுத்து மட்டும் வருவதில்லை. நல்ல எண்ணோடு வந்து ரிஜெக்ட் ஆகிற பேப்பர்கள் ஏராளம். சுமாரான எண்ணோடு உள்ளே போகிறவையும் உண்டு. பேப்பரில் எதைச் சொல்கிறோமோ, அதைச் சொல்லும் அளவுக்கு நாம் செய்த சோதனைக்கு வலு இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

ரிவ்யூவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது சட்டென்று புரியும். அவர் தன் சொந்த வேலைக்கு நடுவில், சம்பளம் எதுவும் இல்லாமல், ஒரே சுற்றில் பல பேப்பர்களைப் படிக்கிறார். நான் படிக்கிற வரிசை இது: முதலில் அப்ஸ்ட்ராக்ட் என்ற சுருக்கம், அப்புறம் அறிமுகத்தின் கடைசிப் பத்தி, முக்கியமான அட்டவணை, ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் லிமிடேஷன்ஸ் பகுதி. பிறகுதான் முதல் வரியிலிருந்து முழுதாகப் படிப்பேன். அந்த முதல் சுற்றிலேயே, 'இவர்கள் இதைச் சொல்கிறார்கள், இந்த அட்டவணை அதைக் காட்ட வேண்டும்' என்று மனதில் ஒரு கணக்கு விழுந்துவிடும். முழுதாகப் படிக்கும்போது அந்தக் கணக்கைத்தான் சரிபார்க்கிறேன். இந்த மாநாடுகளுக்கான பேப்பர்களைச் சுற்றுச் சுற்றாக மதிப்பிடும் பொது ஏற்பாடான ஏ.சி.எல். ரோலிங் ரிவ்யூவின் படிவத்தில் சவுண்ட்னஸ் (வலு), எக்சைட்மென்ட் (ஆர்வம்), ஓவரால் அசெஸ்மென்ட் (மொத்த மதிப்பீடு) என்று ஒவ்வொன்றுக்கும் 5-க்கு மதிப்பெண் உண்டு. சவுண்ட்னஸ் என்ற கட்டத்தில் கேட்பதே, சொன்னதற்கு ஆதாரம் போதுமா என்பதுதான். அப்ஸ்ட்ராக்டில் "தமிழுக்கான மிகச் சிறந்த பாகுபடுத்தி" (வாக்கிய அமைப்பைப் பிரித்துக் காட்டும் நிரல்) என்று எழுதிவிட்டு ஒரே ஒரு டேட்டாசெட்டில் ஒரே ஒரு முறை ஓட்டிய எண்ணை வைத்தால், அந்தக் கட்டத்தில் 2-க்கு மேல் போட கை வராது. அதே வேலையை அடக்கமான வாக்கியத்தில் சொல்லியிருந்தால் தாராளமாக 3½ போட்டிருப்பேன்.

எங்கள் அனுபவத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். தமிழ் வாக்கியங்களில் எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்று கணினியைக் கண்டுபிடிக்க வைக்கும் வேலை அது. பல மொழிகளை உள்ளடக்கிய யுனிவர்சல் டிபென்டென்சீஸ் தொகுப்பில் தமிழுக்கு டி.டி.பி. என்ற ட்ரீபேங்க், அதாவது சொற்களின் உறவு குறிக்கப்பட்ட வாக்கியத் தொகுப்பு, இருக்கிறது. மொத்தம் 600 வாக்கியங்கள்: பயிற்சிக்கு 400, சரிபார்க்க 80, சோதனைக்கு 120. அந்த 120 வாக்கியங்களில் உள்ள சொற்கள் சுமார் 2000. அப்படியென்றால் அரை சதவீத முன்னேற்றம் என்பது சுமார் பத்துச் சொற்கள். பயிற்சியின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் ரேண்டம் சீட் என்ற எண்ணை மாற்றி அதே மாடலை மறுபடி பயிற்றினாலே அதைவிட அதிகமாக எண் ஆடியது. 'பேஸ்லைனைவிட (ஒப்பிட எடுத்த அடிப்படை மாடலைவிட) இவ்வளவு கூடுதல்' என்று ஒரு வரியில் எழுதி அனுப்பியிருந்தால், விவரம் தெரிந்த எந்த ரிவ்யூவரும் அங்கேயே நிறுத்தியிருப்பார்.

அதனால் இரண்டு காரியம் செய்தோம். முதலாவதாக, எல்லா மாடலையும் பல சீட்களில் ஓட்டி, சராசரியோடு விலக்கத்தையும் அட்டவணையில் போட்டோம். கூடவே பூட்ஸ்ட்ராப் சோதனையும் வைத்தோம். சோதனை வாக்கியங்களிலிருந்து, எடுத்ததையே திரும்பவும் எடுக்கலாம் என்ற முறையில் ஆயிரக்கணக்கான முறை மாதிரி எடுத்து, வித்தியாசம் எத்தனை முறை நிற்கிறது என்று பார்க்கும் முறை அது. கொஞ்சம் கோடிங்தான், பெரிய செலவில்லை.

இரண்டாவது காரியம்தான் பேப்பரையே மாற்றியது. 120 வாக்கியங்கள் என்பது ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துவிடக்கூடிய அளவு. மாடல்கள் பிழை செய்த ஒவ்வொரு இடத்தையும் படித்து, கைப்பட வகைபிரித்தோம். பெயரெச்சத் தொடர் நீளமாக வரும் இடங்களில்தான் தடுமாற்றம் குவிந்து கிடந்தது. "நேற்று ஊரிலிருந்து வந்த மாமா கொடுத்த புத்தகம்" போன்ற அமைப்பில் 'நேற்று' எந்த வினையோடு சேர வேண்டும் என்பதில் மாடல் தவறிவிடும். எங்கள் முறை உதவியதும் முக்கியமாக அந்த இடங்களில்தான். அதற்குப் பிறகு, "எங்கள் மாடல் சிறந்தது" என்று தொடங்கிய அறிமுகத்தை, "நீண்ட பெயரெச்சத் தொடர்களில் எங்கள் முறை உதவுகிறது, மற்ற இடங்களில் உதவியதாகத் தெரியவில்லை" என்று மாற்றி எழுதினோம். சொன்ன விஷயம் சிறியதாகிவிட்டது. ஆனால் அசைக்க முடியாததாகிவிட்டது. ரிவ்யூக்களில் பாராட்டு வந்ததும் அந்தப் பிழை அட்டவணைக்குத்தான். டேட்டா குறைவாக உள்ள மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: டேட்டா சின்னது என்று வருந்துவதைவிட, சின்னதாக இருப்பதால் முழுவதையும் கண்ணால் படிக்க முடியும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, தமிழ் தெரியாத ரிவ்யூவரிடம் தமிழைப் பற்றி எப்படிப் பேசுவது? மேலே கொடுத்த மாதிரியான உதாரணத்தைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள். அதன் கீழே ரோமன் எழுத்துப்பெயர்ப்பு, அதற்குக் கீழே ஒவ்வொரு உருபனுக்கும் (பொருள் தரும் மிகச்சிறிய சொற்கூறுக்கும்) நேராக அதன் இலக்கணக் குறிப்பு, கடைசியில் ஆங்கிலப் பொருள். மொழியியலில் லைப்சிக் விதிகள் என்று வழங்கும் முறை இது. இப்படி ஒரே ஒரு உதாரணத்தை இரண்டாம் பக்கத்திலேயே வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லா வாதத்தையும் அவரால் பின்தொடர முடியும். தமிழ் எழுத்து சரியாக வர, பேப்பரை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளுக்கான டெம்ப்ளேட்டின் லுவாலேடெக் வடிவத்தைப் பயன்படுத்துங்கள், ஏ.சி.எல். தரும் கோப்புகளிலேயே அது இருக்கிறது. வழக்கமான பி.டி.எஃப்.லேடெக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு, கடைசியில் சொற்களைப் படமாக ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையே வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பி.டி.எஃப்.பில் நீங்களே பார்த்துவிடுங்கள், ரிவ்யூவருக்கு அது தெரியப்போவதில்லை.

"ஒரே மொழியில்தானே செய்திருக்கிறீர்கள், மற்ற மொழிகளுக்கு இது பொருந்துமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் செய்தவர்களிடம் இதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. எந்த மொழியில் செய்தோம் என்று பெயரைச் சொல்லுங்கள், அது ஆங்கிலமாக இருந்தாலும் சொல்லுங்கள் என்று மொழியியலாளர் எமிலி பெண்டர் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். அந்த வழக்கத்தைத் துறையில் பெண்டர் விதி என்றே சொல்கிறார்கள். ரோலிங் ரிவ்யூவின் ரிவ்யூவர் வழிகாட்டியும், ஆங்கிலம் அல்லாத மொழியில் செய்த ஆய்வு என்பதைக் குறையாக எழுதக்கூடாது என்கிறது. இருந்தாலும் கேள்வி வரும் என்று தெரிந்திருப்பதால், பதிலைப் பேப்பருக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. ஒட்டுநிலை மொழி, வினை கடைசியில் வரும் மொழி, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும் மொழி என்று தமிழின் எந்தப் பண்பு இந்த ஆய்வுக்கு முக்கியம் என்பதைச் சொல்லி, அதே பண்பு துருக்கியத்திலோ ஜப்பானிய மொழியிலோ இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். 'இந்த மொழிக் குடும்பத்தில் முதல்முறையாக' என்ற வாக்கியம் மட்டும் போதாது. முதல்முறை என்பதால் என்ன தெரியவந்தது என்று அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும்.

இனி விதிகள். சுவாரசியம் இல்லாத பகுதிதான். ஆனால் யாரும் படிக்காமலேயே பேப்பர் திரும்பி வருவது, அதாவது டெஸ்க் ரிஜெக்ட், இங்கேதான் நடக்கிறது. நீண்ட பேப்பருக்கு 8 பக்கம், குறும் பேப்பருக்கு 4 பக்கம். மேற்கோள் பட்டியல், பின்னிணைப்பு, லிமிடேஷன்ஸ் ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. லிமிடேஷன்ஸ் என்ற தலைப்பில் தனிப்பகுதி கட்டாயம், 2022 இ.எம்.என்.எல்.பி. காலத்திலிருந்து அப்படித்தான். இல்லையென்றால் அதுவே திருப்பி அனுப்பக் காரணம். இடம் போதவில்லை என்று மார்ஜினை இழுப்பதும் எழுத்தின் அளவைக் குறைப்பதும் கூடாது. பொறுப்பான ஆய்வுக்கான செக்லிஸ்ட் ஒன்று நிரப்ப வேண்டும்: டேட்டாவின் உரிமம், கணிப்புக்குப் பயன்படுத்திய கருவி, அனோட்டேஷன் (டேட்டாவில் குறிப்பு இடும் வேலை) செய்தவர்களுக்குக் கொடுத்த ஊதியம், ஏ.ஐ. உதவி எடுத்தீர்களா என்பதெல்லாம் கேட்பார்கள். இதைக் கடைசி மணி நேரத்துக்கு விட்டால் அனோட்டேட்டர்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் தேடி அலைய வேண்டிவரும். எழுத ஆரம்பிக்கும்போதே செக்லிஸ்டைப் படித்துவிட்டால் பேப்பரில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

எழுதியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரியக்கூடாது, அதனால் பெயர் மறைப்பதில் கவனம் வேண்டும். முதல் பக்கத்தில் பெயர் இல்லை என்பதோடு அது முடிவதில்லை. "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதினால் ஆள் தெரிந்துவிடும். மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதி மேற்கோள் காட்டுங்கள். நன்றியுரை இந்தக் கட்டத்தில் வேண்டாம். நிரலை (கோடை) வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் இணைப்பில் உங்கள் பயனர்பெயர் இருக்கும். பெயர் மறைத்த பிரதி ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும். படங்களில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் கோப்புப் பாதை தெரிகிறதா, பி.டி.எஃப்.பின் உள்விவரத்தில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்க்கைவ் என்ற திறந்த இணையக் களஞ்சியத்தில் முன்பிரதி போடுவதற்கு இருந்த காலக் கட்டுப்பாட்டை ஏ.சி.எல். 2024 தொடக்கத்தில் நீக்கிவிட்டது, ஆகவே அதைப் போடலாம். ஆனால் மாநாட்டுக்கு அனுப்பும் பிரதி பெயரில்லாமல்தான் போக வேண்டும்.

இன்னொன்று, பேப்பரை ஏற்றும் தளமான ஓபன்ரிவ்யூவில் கணக்கு. எல்லா ஆசிரியர்களுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். நிறுவன மின்னஞ்சல் இல்லாமல் புதிதாகத் தொடங்கினால் ஒப்புதல் கிடைக்க இரண்டு வாரம் வரை ஆகலாம். தனியாக ஆய்வு செய்கிறவர்களும் படிப்பை முடித்துவிட்டு வெளியே வந்தவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐடியா உருவான அன்றைக்கே கணக்கைத் தொடங்கிவிடுங்கள். டெட்லைன் நேரம் 'உலகில் எங்காவது' என்ற கணக்கில் இருக்கும், அதாவது யு.டி.சி.-யிலிருந்து 12 மணி நேரம் பின்னால். உங்கள் கடிகாரத்துக்கு அது என்ன நேரம் என்று ஒருமுறை மாற்றி எழுதி எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்பிவிட்டால் குழப்பமில்லை. முடிவுநேரத்துக்கு வெகு முன்பே ஏதோ ஒரு பிரதியை ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம். அதன்பின் முடிவுநேரம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், நெஞ்சு படபடக்காது.

எங்கே அனுப்புவது? புதிய டேட்டாசெட்தான் முக்கியப் பங்களிப்பு என்றால் எல்.ஆர்.இ.சி. மாநாட்டை யோசியுங்கள். 1998-இல் தொடங்கியதிலிருந்தே மொழிவளங்களுக்கான இடம் அது, அங்கே டேட்டா உருவாக்கியதையே ஆய்வாக மதிப்பார்கள். உருபனியல் என்றால் சிக்மார்ஃபான், திராவிட மொழிகள் என்றால் 2021 முதல் நடக்கும் திராவிடியன்லாங்டெக் பட்டறை. பட்டறைகளைச் சிறியவை என்று ஒதுக்கும் மனப்போக்கு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பேப்பரை உண்மையிலேயே புரிந்துகொண்டு கேள்வி கேட்கிற ஆட்கள் அங்கேதான் கூடுகிறார்கள். மாணவர்களுக்கென்று மாணவர் ஆய்வுப் பட்டறை இருக்கிறது. அனுப்புவதற்கு முன்பே மூத்தவர் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடு அதில் உண்டு. ஒரே பேப்பரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

ரிவ்யூ வந்ததும் அதற்கு நாம் பதில் எழுதலாம், ஆனால் முதல் நாள் எதுவும் எழுதாதீர்கள். இது எங்கள் குழுவில் நாங்களே வைத்துக்கொண்ட விதி. மறுநாள் எல்லா ரிவ்யூவையும் ஒரே ஆவணத்தில் போட்டு, ஒவ்வொரு குறையையும் மூன்று வகையில் ஒன்றில் சேர்ப்போம்: அவர் சொல்வது சரி, அவர் தவறாகப் புரிந்துகொண்டார், அவர் கேட்பது வேறு ஆய்வு. தவறாகப் புரிந்துகொண்டார் என்ற வகையில் விழுபவைதான் எனக்கு அதிகம் சொல்லித்தருகின்றன. இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தப் பத்தியில்தான் ஏதோ இருக்கிறது.

பதிலில் என்ன எழுதுவது? பெயரெச்சப் பேப்பருக்கு வந்த ரிவ்யூ ஒன்றில், "முன்னேற்றம் மிகச் சிறியது, பெரிய மொழி மாடலோடு ஒப்பிடவும் இல்லை" என்று இருந்தது. நாங்கள் எழுதியதன் வடிவம் இது. அவருடைய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டோம். அடுத்த வரியிலேயே பதில்: மொத்த எண்ணில் முன்னேற்றம் சிறியதுதான், நாங்கள் சொல்வதும் மொத்த எண்ணைப் பற்றி அல்ல, நான்காம் அட்டவணையில் பெயரெச்சத் தொடர்களுக்கான வரிசையைப் பார்க்கவும். பிறகு அந்த வரிசையின் எண்களையே பதிலுக்குள் மறுபடி எழுதினோம். மொழி மாடல் பற்றிய இரண்டாவது குறையை நியாயம் என்று ஒப்புக்கொண்டு, சோதனைத் தொகுப்பில் ஓட்டிப் பார்த்த எண்ணைக் கொடுத்து, இறுதிப் பிரதியில் எங்கே சேர்ப்போம் என்றும் சொன்னோம். அவர் மதிப்பெண்ணை உயர்த்தினார்.

எண்களை மறுபடி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பதிலைப் படிப்பது ரிவ்யூவர் மட்டும் அல்ல. ஏரியா சேர் என்பவர் எல்லா ரிவ்யூவையும் பதில்களையும் வைத்து மெட்டா ரிவ்யூ எழுதுகிறார், மாநாட்டின் முடிவு பெரும்பாலும் அதை ஒட்டியே போகிறது. அவரிடம் பல பேப்பர்கள் இருக்கும். பேப்பரைத் திறந்து பார்க்காமலேயே நம் பதில் அவருக்குப் புரிய வேண்டும். அதனால்தான் சுருக்கமாக, தன்னளவில் முழுமையாக எழுத வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் நன்றி சொல்லிப் பத்தி நிரப்ப வேண்டாம், ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னால் போதும். ரிவ்யூவே முறையில்லாமல் இருந்தால், பேப்பரைப் படிக்காமல் எழுதியது தெரிந்தால், அதைத் தெரிவிக்கத் தனி வழி இருக்கிறது. அங்கே தெரிவியுங்கள், பதிலில் சண்டை போடாதீர்கள்.

ரோலிங் ரிவ்யூ முறையில் மதிப்பீடு ஒரு கட்டம், மாநாட்டுக்கு ஒப்படைப்பது அடுத்த கட்டம். மெட்டா ரிவ்யூ சுமாராக இருந்தால் ஒப்படைக்காமல் திருத்தி அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம். என்னென்ன மாற்றினோம் என்ற விவரக் கடிதமும் கூடவே போக வேண்டும். அதில் சிரத்தை காட்டினால் பலன் உண்டு: குறை இன்னது, செய்தது இன்னது, பக்கம் இன்னது என்று இருந்தால், பழைய ரிவ்யூவரே மறுபடி வந்தாலும் அவருக்கு வேலை சுலபம். முதன்மைப் பிரிவு கிடைக்காமல் ஃபைண்டிங்ஸ் என்று வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 2020 இ.எம்.என்.எல்.பி.யில் தொடங்கிய பிரிவு அது. முதன்மைப் பிரிவுப் பேப்பர்கள் வரும் அதே ஆந்தாலஜி என்ற இணையக் களஞ்சியத்தில் வெளியாகும், யாரும் இலவசமாகப் படிக்கலாம். நானாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன். நல்ல ஆய்வு ஒரு வருடம் அலமாரியில் கிடப்பதைவிட மற்றவர்கள் அதன்மேல் கட்டுவது மேல்.

ஏற்றுக்கொண்ட பிறகு இறுதிப் பிரதிக்கு ஒரு பக்கம் கூடுதலாகக் கிடைக்கும். ரிவ்யூவர்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றத்தான் அந்தப் பக்கம். மேற்கோள்களில் ஆர்க்கைவ் பிரதிகளை மட்டும் வைத்திருந்தால், வெளியான பதிப்பு இருக்கிறதா என்று தேடி மாற்றுங்கள்; ஆந்தாலஜியே பிப்டெக் என்ற மேற்கோள் வடிவக் குறிப்பு தருகிறது. ஏ.ஐ. கருவி எடுத்துத் தந்த மேற்கோள் எதுவானாலும் அப்படி ஒரு பேப்பர் உண்மையில் இருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். மார்ஜினைச் சோதிக்க ஏ.சி.எல். தரும் சிறு நிரல் ஒன்று உண்டு, ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஆசிரியர்களில் ஒருவராவது மாநாட்டுக்குப் பதிவு செய்தாக வேண்டும். கட்டணம் சிரமம் என்றால் உதவித்தொகைக்கும் மாணவர் தொண்டர் பணிக்கும் விண்ணப்பம் எப்போது திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அவற்றின் கடைசி நாள் சீக்கிரமே வந்துவிடும்.

அப்புறம் உங்கள் பெயர். இனிஷியலோடு ஒற்றைப் பெயர் வைத்திருக்கிற நம்மவர்களுக்கு இது தனிச் சிக்கல். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். ஒரு பேப்பரில் இனிஷியலை முன்னாலும், இன்னொன்றில் அப்பா பெயரை விரித்துப் பின்னாலும் போட்டால் ஆந்தாலஜியில் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள், பேப்பர்களும் இரண்டு பக்கத்தில் சிதறிக்கிடக்கும். பிறகு திருத்தம் கேட்டுச் சேர்க்க முடியும் என்றாலும், முதல் பேப்பரிலேயே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, ஓபன்ரிவ்யூ, ஆர்கிட் (ஆய்வாளர் அடையாள எண்), பேப்பர் மூன்றிலும் எழுத்து மாறாமல் அதையே கொடுத்துவிடுங்கள்.